பாக்கெட் பார்க்க ஓர் ஆள்

1

ஊர்த் திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நம் பங்குத்தந்தை எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரு சொல்லும் வாயில் நுழையவில்லை. சாமியார் அனுப்பியது ஆயிற்றே, இலத்தீனாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் மரியாதையாகத் தொடாமல் வைத்திருந்தேன். அது தமிழ்தான், அதற்குரிய எழுத்து எங்கள் கம்ப்யூட்டரில் இல்லாததால்தான் அப்படித் தெரிகிறது என்று பிறகு ஒருவர் சொன்னார். அந்த எழுத்தைத் தேடிப் பிடித்து உள்ளே ஏற்ற ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது. கடைசியில் ஒரு பொத்தானைத் தட்டியதும் இலத்தீன் எல்லாம் தமிழாக மாறியது. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதைப் பார்த்தவர்கள் இப்படித்தான் வாயைப் பிளந்திருப்பார்கள்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: வெளிநாட்டில் நம் மக்கள் செய்த சாதனைகள் என்று ஒரு பகுதி வைக்கிறார்களாம். பார்க்கும் வேலை, அடைந்த உயர்வு, இளைஞர்களுக்குச் சொல்லும் அறிவுரை, கோட்டுப் போட்ட போட்டோ ஒன்று.

நான் கடல் தாண்டி வந்து இந்த ஆண்டோடு பத்து வருடம் ஆகிறது. என்னிடம் கோட்டு இல்லை. இந்த வருடம் நான் செய்த பெரிய காரியம் ஒரு வாஷிங் மெஷினின் அடியில் உள்ள மூடியைத் திறந்தது. சாமியார் கேட்டது அதுவல்ல என்று தெரியும். ஆனால் அந்த மூடியைத் திறக்காமல் இருந்திருந்தால் என் மகள் இன்று நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்திருப்பாள். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

2

நான் இருக்கும் வளைகுடா நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. என் அடையாள அட்டையில் என்ன வேலை போட்டிருக்கிறது என்று சொல்லப் போகிறேன், ஆகவே நாட்டை விட்டுவிடுவதுதான் மரியாதை.

என் மனைவி ஸ்டெல்லா இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய விசாவின் நிழலில் நான் வந்தேன். சுனாமிக்குப் பிறகு வந்த வருடம் அது. அண்ணனும் நானும் சேர்ந்து வைத்திருந்த மீன்பிடி வள்ளம் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு தென்னந்தோப்புக்குள் கிடந்தது. ஸ்டெல்லா அழைத்தாள், வந்துவிட்டேன். மனைவி பேரில் வரும் புருஷன் இங்கே வேலை பார்க்கக் கூடாது. கார்டுக்கு மனு அடிக்கும் இடத்தில் இருந்த மலையாளி, கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடிப் பார்த்தார். துணைக்கு வந்தவர் என்றால் அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஆண்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. "ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்று சொல்லி அடித்துவிட்டார். கார்டு வந்தது. மீசையோடு என் படம். பக்கத்தில், தொழில்: ஹவுஸ் வைஃப்.

இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க வாய்க்கவும் இல்லை. ஒரு விடுமுறையில் தேங்காய்ப்பட்டணத்தில் சிம் கார்டு வாங்கப் போனபோது, லைசென்ஸ் என்று நினைத்து இந்த அட்டையை நீட்டிவிட்டேன். கடைக்காரன் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாக வாசித்தான். "அண்ணே, இது உங்களுக்க கார்டா, மைனிக்க கார்டா?" என்றும் கேட்டான். நான் பஸ் ஏறி இனயம் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பட்டம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் அண்ணன் ததேயுவுக்குத்தான் தாங்கவில்லை. "எலே மக்கா, ஐஸ் பிளாண்டுக்குப் போவ முடியல்ல. 'உம்ம தம்பிக்கு அங்க என்ன ஜோலி?'ன்னு கேட்டுட்டு, நான் வாயத் தொறக்கியதுக்கு முன்ன அவனுவளே சிரிக்கானுவ. அந்தக் கார்ட ஒண்ணு மாத்து" என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போனில் சொல்வான்.

3

அண்ணனுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? இந்த ஜோலி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஸ்டெல்லாவின் வெள்ளை யூனிபார்மை நான்தான் துவைக்கிறேன், நான்தான் தேய்க்கிறேன். காலர், கை, முதுகு, பிறகு பாக்கெட். ஒரு யூனிபார்ம் தேய்த்து முடிக்க ஜெபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து மணி உருட்டும் நேரம், ஆகும். ஐந்து யூனிபார்ம் தேய்த்தால் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒன்று முடிந்துவிடும். துணியிலும் சுருக்கம் இல்லை, மனசிலும் சுருக்கம் இல்லை. கோயிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பராக்கில்லாமல் ஜெபம் வந்தது கிடையாது. பராக்குப் பார்த்தால் துணி கருகிவிடும் என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம் கடற்கரையில் வலையின் கிழிசலைத் தைப்பது ஆணின் வேலை. நாள் முழுக்கக் குந்தியிருந்து தைப்போம், யாரும் சிரிப்பதில்லை. சட்டைப் பொத்தான் தைத்தால் மட்டும் சிரிப்பு. வள்ளத்தில் குழம்பு வைப்பதும் நாம்தான். கரையில் கால் பட்டதும் அது மறந்துபோகும். இந்த எல்லைக்கோட்டை எந்தச் சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன ரம்ஜான் நோன்புக்கு முன்பு அண்ணன் ஒரு வேலையோடு வந்தான். அவனுடைய கூட்டாளியின் மச்சான் இதே நாட்டில், பாலைவனத்துக்குள் ஒரு கம்பெனி கேம்பில் இருக்கிறார். அங்கே ஸ்டோரில் ஓர் ஆள் வேண்டும். விசாவை அவர்களே மாற்றித் தருவார்கள். கார்டில் 'ஸ்டோர் கீப்பர்' என்று வரும். கேம்பிலேயே தங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம்.

"ஸ்டோர் கீப்பர், கேட்டியா? கீப்பர்" என்றான் அண்ணன். அந்தச் சொல்லை அவன் ஐஸ் பிளாண்டில் எப்படிச் சொல்வான் என்பதே எனக்குக் காதில் கேட்டது.

"அப்போ பிள்ளை?" என்றேன். ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட் வேலை. மகள் ஷைனிக்குப் பத்து வயது. தனியாக விட முடியாது.

"நாகர்கோவில்ல கன்னியாஸ்திரிமார் ஹாஸ்டல் இருக்கு. சேத்து விட்டாப் போதும். தமிழாவது படிக்கட்டு."

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் அந்த வார்த்தையைச் சொன்ன எந்தக் காரியமும் என் இஷ்டப்படி நடந்ததில்லை. ஆனால் இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஷைனி ஒரு கேள்விதான் கேட்டாள். "ஹாஸ்டல்ல வாஷிங் மெஷின் உண்டா?"

"இல்ல மக்கா. அவங்கவங்க துணிய அவங்கவங்களே தொவைக்கணும்."

"எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதில் என்னை அப்பா என்றவள், பிறகு டாடி ஆக்கினாள், இப்போது டாட் வரை வந்திருக்கிறாள். இன்னும் சுருக்குவதற்கு அதில் ஒன்றும் பாக்கி இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்வான், அதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

4

அந்த வாரம் எனக்கு இன்னும் இரண்டு தொந்தரவுகள் இருந்தன. ஒன்று, ஸ்டெல்லாவின் ஜெபமாலை காணாமல்போயிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் யூனிபார்ம் பாக்கெட்டிலேயே வைத்திருந்த கறுத்த மணி ஜெபமாலை. வார்டில் யாருக்காவது முடியாமல் ஆனால் ஒரு கையால் நாடி பிடித்துக்கொண்டு மறு கையால் பாக்கெட்டுக்குள் மணி உருட்டுவாள். வீடு முழுவதும் தேடியாயிற்று. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, காணாமல்போனதைக் காட்டித் தாரும் ஐயா என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்தது, வியாழக்கிழமை காலையில் வாஷிங் மெஷின் நின்றுபோனது. துணியும் சோப்பு நுரையும் உள்ளே, கதவு பூட்டு விழுந்து திறக்க மாட்டேன் என்கிறது. அதற்கும் அந்தோணியாரிடமே சொன்னேன். இது அவருடைய இலாகாவா என்று தெரியாது. அவசரத்துக்கு வேறு புனிதர் ஞாபகம் வரவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு புகார் நம்பர் உண்டு. கூப்பிட்டால் திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் எடுத்தார். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷம்.

"தம்பி, வாஷிங் மெஷினுக்குள்ள வெள்ளம் நிக்குது" என்றேன்.

"வெள்ளமா? நிக்குதா சார்?"

"ஆமா, நிக்குது."

"அப்பாடா. நின்னுட்டா சரி சார். மறுபடி வந்தா கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

நம் ஊரில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். திருச்சியில் வெள்ளம் என்றால் காவிரி கரை உடைத்து வருவது. இது எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.

"தம்பி, என்னத்தத் தீத்தீங்க? வெள்ளம் போவவே இல்ல. அப்பிடியே கெடக்கு. மூணாவது மாடி."

"மூணாவது மாடியில வெள்ளமா?" அவர் குரலே மாறிவிட்டது. "சார், கரண்டை ஆஃப் பண்ணிட்டு வெளியில வந்து நில்லுங்க. இதோ ஆள் வருது."

எவ்வளவு அக்கறையான தம்பி என்று நினைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அவளும் வீட்டில் இருந்தாள். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்ட நாலு பேர் உறிஞ்சு மெஷினோடு படியேறி வந்தார்கள். கட்டடம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். கீழ்வீட்டு எகிப்துக்காரம்மா தலையில் ஷாம்பு நுரையோடு துவாலையைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பூட்ஸ்காரர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். காலையில்தான் நான் துடைத்த தரை, கண்ணாடிபோல் காய்ந்து கிடந்தது. மேஸ்திரி பூட்ஸைத் தூக்கித் தூக்கி வைத்து எல்லா அறையிலும் நடந்தார். பிறகு மெஷின் குடியிருப்பவரின் சொந்தப் பொருள், அது எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லி, தரை முழுக்கப் பூட்ஸ் அச்சை வைத்துவிட்டுப் போனார்.

"டாட், தண்ணின்னு சொல்லணும்" என்றாள் ஷைனி. "தமிழ் கிளாஸ்ல நானும் வெள்ளம்னுதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மிஸ் திருத்தினாங்க. நான் உங்ககிட்ட சொன்னேன்ல?"

சொல்லியிருந்தாள். அப்போது நான் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லியிருந்தேன்.

5

மெஷினோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. படங்கள் இருந்தன. ஒரு படத்தில் மெஷினின் வலது காலோரம் சின்ன மூடி, அதன்மேல் ஒரு கை, அதற்குக் கீழே ஒரு தட்டு. தட்டு எதற்கு என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். மூடியைத் திருகியதும் தெரிந்தது. திருச்சித் தம்பி பயந்தது போலவே ஆகிவிட்டது. நானும் ஷைனியும் கையில் கிடைத்த சட்டி, பானை, துவாலை எல்லாம் போட்டுப் பிடித்தோம். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. டாட், இந்தப் பக்கம், அப்பா, அந்தப் பக்கம் என்று கத்தினாள். அவசரத்தில் பழைய பெயர் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

தண்ணீர் வடிந்ததும் உள்ளே விரலை விட்டேன். முதலில் நூல் கசடு. பிறகு என் நீலச் சட்டையின் பொத்தான். பிறகு ஒரு கறுத்த மணி. அதன் பிறகு இன்னொன்று. பிறகு சின்னச் சிலுவை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் அந்தோணியாரிடம் இரண்டு மனு போட்டிருந்தேன். அவர் இரண்டையும் சேர்த்து ஒரே மூடிக்குள் வைத்திருந்தார். மெஷினை நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் அங்கே தேடியே இருக்க மாட்டேன். ஜெபமாலை விஷயத்தையும் மெஷின் விஷயத்தையும் நாம் தனித்தனியாக நினைத்து அலைகிறோம், அவருக்கு எல்லாம் ஒரே குழாயில் தெரிகிறது போல.

கதவுக்குள்ளிருந்தும் மெஷின் அடியிலிருந்தும் மணிகளைப் பொறுக்கினோம். கம்பி அற்றுப்போயிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தங்கூசி, அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு, பெட்டியில் கொஞ்சம் இருந்தது. எதற்குக் கொண்டுவந்தேன் என்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் இடையில் தூண்டில் முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தேன். ஷைனி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். முடிக்கும்போது ஒரு பத்தில் ஒரு மணி குறைந்தது. எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் என் நீலப் பொத்தானைக் கோர்த்தாள்.

"இது தப்பா?" என்று கேட்டாள்.

"மாதா கணக்கு வாத்தியார் இல்ல" என்றேன்.

மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தினேன். பயத்தில் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் இருமியது, கனைத்தது, சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். வள்ளத்து எஞ்சின் நடுக்கடலில் நின்று, இழுத்து இழுத்து, பிறகு பிடிக்கும்போது வரும் நிம்மதி அது. கரை தெரிந்தமாதிரி.

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்டெல்லா பகல் டியூட்டி முடிந்து வந்தாள். பால்கனிக் கொடியில் யூனிபார்மோடு சேர்த்துக் கிளிப் போட்டு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருந்தேன். பார்த்தவள் பையைக்கூட வைக்காமல் அதை எடுத்தாள். மணி மணியாக விரலால் தடவி வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"இது யாருக்க பொத்தான்?"

"எனக்க நீலச் சட்டைக்கது."

"இது எங்க கெடந்துது?"

"மெஷினுக்குள்ள. உனக்க பாக்கெட்டோட போயிருக்கு."

"தொவைக்கப் போடும்போ பாக்கெட்ட நீங்கதானே பாப்பீங்க?"

"பாத்தேன்."

"பாத்த லெட்சணம் தெரியுது" என்றாள். ஜெபமாலையை இரண்டு தரம் முத்தமிட்டு, போட்டிருந்த யூனிபார்மின் பாக்கெட்டில் வைத்து, வெளியிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இன்னைக்கு அத்தானுக்குப் பதில் சொல்லணும்லியா?" என்றாள். என் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள்.

"சொல்லணும். நீ என்ன சொல்லுற?"

"உங்க இஷ்டம்னு சொன்னேனே."

"அது போன வாரம். இப்ப கேக்கேன்."

அவள் கொடியில் கிடந்த இன்னொரு யூனிபார்மை இழுத்து, காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நீங்க இருந்து பாத்தே இந்தக் கதி. நீங்களும் அங்க, பிள்ளையும் அங்கன்னா, எனக்க பாக்கெட்ட யாரு பாப்பா?"

உள்ளே ஷைனி டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தாள். அது எனக்குக் கேட்டது.

7

சொன்னபடி அண்ணன் போன் செய்தான்.

"எலே மக்கா, சரின்னு சொல்லட்டா? கார்டு காப்பி கேக்கானுவ."

"வேண்டாம் அண்ணே. கார்டு இப்ப இருக்கிய மாதிரியே இருக்கட்டு. எனக்கு இங்க ஜோலி இருக்கு."

திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து அண்ணன் மனைவி, என் மைனியின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்பது தெளிவில்லை, ஆனால் பிரசங்கம் நீளமாக இருந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"பின்னே ஒரு காரியம் மக்கா. நீ போன லீவுல எடுத்துத் தந்தியே, துணி தொவைக்கிய மெஷின். ரெண்டு நாளா வெள்ளம் வெளிய போவல்ல. கதவும் தொறக்கல்ல. ஆளக் கூப்பிட்டா வரமாட்டேங்கான். மைனி என்னைக் கொல்லுதா."

ஊரில் அந்த மெஷின் முதல் ஆறு மாதம் முன்னறையில் பூப்போட்ட துணி மூடி, மேலே குழந்தை இயேசு சொரூபம் வைத்து நின்றது. இறக்கி வைத்து ஓட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வலது பக்கம், அடியில, ஒரு சின்ன மூடி இருக்கும் பாருங்க."

"இரு. குனியட்டு." லுங்கியை மடித்துக் கட்டி, அறுபது வயதில் தரையில் மண்டியிடும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு."

"தொறக்கியதுக்கு முன்ன கீழ ஒரு தட்டு..."

"எலே. எலேய். வீடு பூரா வெள்ளம்."

இந்த ஒரு தடவை திருச்சித் தம்பி கேட்டிருந்தாலும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்.

சட்டிகள் உருளும் சத்தம் ஓய்ந்தபின், உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பிடி கடற்கரை மணல் வந்தது. பிறகு ஒரு பீடி லைட்டர். போன தவசுகாலத் தியானத்தில் சாமியார் முன்னால் பீடியை விட்டுவிட்டதாக அண்ணன் எழுந்து நின்று சொன்னது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"மூடி இறுக்கித் திருகுங்க. இப்ப ஓட்டிப் பாருங்க."

போனுக்குள் அந்த மெஷின் இருமியது, கனைத்தது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மெஷினும் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மக்கா" என்றான் அண்ணன் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் நெனைச்ச மாதிரி இல்ல, பாத்துக்க. இதுக்கெல்லாம் வீட்டுல ஒரு ஆளு வேணும்."

"ஆமா அண்ணே."

"நான் இப்பிடிச் சொன்னேன்னு யாருக்கிட்டயும் சொல்லிராத. அந்த லைட்டரும்."

"சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லவும் இல்லை, எழுதியிருக்கிறேன். திருவிழா மலர் பத்தாம் திருநாள் பூசை முடிந்ததும் எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கொடுப்பார்களாம். போட்டோவுக்குக் கோட்டு இல்லாததால் கார்டில் உள்ள படத்தையே அனுப்புகிறேன். படத்துக்குக் கீழே தொழில் போட வேண்டுமென்றால், கார்டில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாம்.